டாக்டர் ஓஷாக்னெசி: கஞ்சாவை ஆராய்ந்தவர், தந்தியைத் தந்தவர்



பரிசளிப்பு விழா மலரில் பெரியோர் ஒருவரின் வரலாறு இடம் பெறுவது வழக்கம். காந்தியடிகள், பாரதியார், சர் சி. வி. ராமன் என்று பலரைப் பற்றி நீங்கள் படித்திருப்பீர்கள். இம்முறை டாக்டர் வில்லியம் புரூக் ஓஷாக்னெசி என்பவரைப் பற்றி எழுதலாம் என்று எண்ணினேன். மருத்துவம் படித்தவர்களும் தந்தியின் வரலாறு தெரிந்தவர்களும் நன்றாக அறிந்த பெயர் இது. நம் பிள்ளைகளுக்குத்தான் புதிது. வாயில் நுழையாத பெயராக இருக்கிறதே என்று பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

ஏன் இவர்? சொல்கிறேன். ஆஸ்பத்திரியில் கையில் ஊசி குத்தி உப்பு நீர் ஏற்றுகிறார்களே, அந்த வைத்தியத்துக்கு வழி காட்டியவர் இவர். இந்தியா முழுவதும் தந்திக் கம்பி இழுத்தவரும் இவரே. எல்லாவற்றுக்கும் மேலாக, கஞ்சா என்ற செடியைப் பிராணிகளுக்குக் கொடுத்துச் சோதித்து, கண்டதைக் கண்டபடி எழுதி வைத்தவர். அவர் திறந்து விட்ட வழியில் நடந்த விஞ்ஞானிகள்தாம், பயமும் பதற்றமும் வந்தால் உடம்பு எப்படித் தன்னைத் தானே அடக்கிக் கொள்கிறது என்ற இரகசியத்தைப் பிற்காலத்தில் கண்டுபிடித்தார்கள். தேர்வு என்றாலே கை நடுங்கும் மாணவிக்கும், மூலையில் நின்று யாரோ நீட்டும் சுருட்டை வாங்கலாமா வேண்டாமா என்று யோசிக்கும் பையனுக்கும் தெரிந்திருக்க வேண்டிய விஷயம் இது.

பிறப்பும் படிப்பும்

ஓஷாக்னெசி 1809ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் அயர்லாந்து நாட்டிலே லிமரிக் என்னும் ஊரில் பிறந்தார். ஸ்காட்லாந்தின் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று 1829இல் பட்டம் பெற்றார். அப்போது அவருக்கு வயது இருபதைத் தொட்டும் தொடாமலும் இருந்தது.

பட்டம் வாங்கியாயிற்று, இனி என்ன குறை என்று நினைப்பீர்கள். குறை இருந்தது. இலண்டன் மாநகரில் வைத்தியம் பார்க்க அங்குள்ளவர்களின் அனுமதி வேண்டும். அது இந்த இளைஞருக்குக் கிடைக்கவில்லை. அவர் சோர்ந்து உட்காரவில்லை. நோயாளியைப் பார்க்க விடாவிட்டால் போகட்டும் என்று, ஒரு சிறிய ஆய்வுக்கூடத்தில் விஷங்களையும் இரத்தத்தையும் சோதிக்கும் வேதியியல் வேலையில் இறங்கினார். ஒரு கதவு அடைபட்டதால்தான் அவருடைய கை வேறொரு கதவின் மேல் பட்டது.

காலராவும் உப்பு நீரும்

1831ஆம் ஆண்டின் பிற்பகுதியில் வங்காளத்தில் கிளம்பிய காலரா நோய் நாடு நாடாகக் கடந்து இங்கிலாந்தின் சண்டர்லாந்து துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தது. காலையில் நன்றாக இருந்தவன் மாலையில் பிணம். உடம்பு வற்றி, தோல் நீலம் பாரித்துச் சனங்கள் மடிந்தார்கள். அக்கால வைத்தியர்கள் செய்தது என்ன தெரியுமா? ஏற்கனவே வற்றிப் போனவனின் இரத்தத்தை இன்னும் கொஞ்சம் எடுத்தார்கள்!

ஓஷாக்னெசி அங்கே சென்றார். நோயாளிகளின் இரத்தத்தைச் சோதித்துப் பார்த்தார். அதிலே நீர் குறைந்திருந்தது, உப்புகளும் குறைந்திருந்தன. குறைந்ததைத் திருப்பிக் கொடுத்தால் உயிர் பிழைக்கும் அல்லவா? உப்புக் கலந்த நீரை நேரே இரத்தக் குழாயில் செலுத்தலாம் என்று எழுதினார். வயது இருபத்திரண்டு. அதைப் படித்த தாமஸ் லட்டா என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் 1832 மே மாதத்தில் செய்தும் காட்டினார். சாகக் கிடந்த சிலர் எழுந்து உட்கார்ந்தார்கள். ஆனாலும் மருத்துவ உலகம் இதை முழு மனத்தோடு ஏற்றுக் கொள்ளப் பல பத்தாண்டுகள் பிடித்தன.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ஓஷாக்னெசி மந்திரம் எதுவும் செய்யவில்லை. உடம்பில் எது இருந்தது, எது குறைந்தது என்று கணக்குப் பார்த்தார், அவ்வளவுதான். இந்தப் பழக்கம்தான் அவரைக் கடைசி வரை வழி நடத்தியது.

கல்கத்தாவில்

1833இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவப் பணியில் சேர்ந்து கப்பலேறினார். 1835இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது. அங்கே வேதியியல் பேராசிரியர் ஆனார். இந்திய மாணவர்களுக்கு மேல்நாட்டு மருத்துவத்தைக் கற்பிக்க எழுந்த கல்லூரி அது.

அக்காலத்து வெள்ளைக்கார அதிகாரிகள் பலர், இந்த நாட்டவர்க்கு என்ன தெரியும் என்று எண்ணியவர்கள். ஓஷாக்னெசியிடம் அந்தக் குணம் இல்லை. கடைத்தெருவில் விற்கும் மூலிகைகளை வாங்கி வந்தார். பண்டிதர்களையும் யூனானி ஹக்கீம்களையும் தேடிப் போய்க் கேட்டார். ஆசியச் சங்கத்துப் பண்டிதர் கமலாகாந்த வித்யாலங்காரும், கல்லூரியில் பணியாற்றிய மதுசூதன் குப்தரும் வடமொழி நூல்களைப் பார்த்து அவருக்கு உதவினார்கள். கஞ்சாப் பிரியர்கள் கூடும் கடை ஒன்றின் சொந்தக்காரரிடம்கூட விவரம் கேட்டார். உதவியவர்களின் பெயர்களை மறைக்காமல் கட்டுரையில் எழுதி வைத்தார். பிறரிடம் கற்றதைத் தன் சரக்கு என்று காட்டிக் கொள்ளாததும் ஒரு பெருந்தன்மை.

நாயும் நாரையும் மீனும்

கஞ்சா வலியைக் குறைக்கும், பசியைத் தூண்டும், மனத்தை மயக்கும் என்று நாட்டு வைத்தியர்கள் சொன்னார்கள். கேட்டதை அப்படியே நம்பவும் இல்லை அவர், தள்ளவும் இல்லை. மனிதருக்குக் கொடுக்கும் முன் பிராணிகளிடம் சோதித்துப் பார்ப்போம் என்று முடிவு செய்தார். இந்த ஆராய்ச்சி 1839இல் வெளிவந்தது.

நடுத்தர அளவுள்ள ஒரு நாய்க்கு நேபாளத்துச் சரஸ், அதாவது கஞ்சாப் பிசின், பத்து கிரெயின் எடையைச் சாராயத்தில் கரைத்துக் கொடுத்தார். பத்து கிரெயின் என்றால் ஒரு கிராமில் முக்கால் பங்குக்கும் குறைவு. அரை மணி நேரத்தில் நாய் மந்தமாயிற்று; தூங்கி விழுந்தது. இடையிடையே திடுக்கிட்டு எழுந்து, மிகவும் திருப்தியாக இருப்பது போல் வாலை ஆட்டியது. சோறு வைத்தால் ஆவலாகத் தின்றது. கூப்பிட்டால் தள்ளாடித் தள்ளாடி வந்தது. இரண்டு மணி நேரம் கழித்து மயக்கம் தெளியத் தொடங்கியது. ஆறு மணி நேரத்தில் பழையபடி துள்ளி ஓடியது.

பிறகு ஒவ்வொரு பிராணியாகப் பார்த்தார். மீன், பூனை, பன்றி, கழுகு, காக்கை, கல்கத்தா வீதிகளில் உலாவும் பெருநாரை ஆகியவை எல்லாம் சீக்கிரமே மயங்கின. குதிரை, மான், குரங்கு, ஆடு, மாடு ஆகியவற்றுக்கு எவ்வளவு கொடுத்தும் பெரிய மாற்றம் தெரியவில்லை. இந்த வித்தியாசத்தையும் உள்ளது உள்ளபடி குறித்து வைத்தார்.

அதன் பின்னரே நோயாளிகளிடம் வந்தார். வாத நோய், காலரா, வலிப்பு, இரணஜன்னி ஆகியவற்றுக்குச் சிறிய அளவில் கொடுத்துப் பார்த்தார். அவர் எழுதியவற்றுள் நெஞ்சை உருக்குவது வெறிநாய் கடித்த ஒரு மனிதரின் கதை. வெறிநாய்க்கடி முற்றியவர்களுக்குத் தண்ணீரைக் கண்டாலே தொண்டை இறுகும்; பயத்தால் உடம்பு தூக்கித் தூக்கிப் போடும். கஞ்சாப் பிசின் கொடுத்த பின் அந்த மனிதரின் பயம் தணிந்தது. ஆரஞ்சுப் பழச் சாற்றை விழுங்க முடிந்தது. ஈரச் சோறும் இறங்கியது. சில நாட்களில் அவர் இறந்து விட்டார். நோயைக் குணப்படுத்தி விட்டேன் என்று ஓஷாக்னெசி பெருமை அடிக்கவில்லை. சாவு நெருங்கும் நேரத்தில் வேதனையும் அச்சமும் குறைந்தன என்று மட்டும் எழுதினார். தொடர்ந்து கஞ்சாவில் மூழ்கியவர்களுக்கு வரும் புத்தித் தடுமாற்றத்தையும் அவர் எழுதாமல் விடவில்லை.

தந்திக் கம்பி

அதே 1839ஆம் ஆண்டில் இன்னொரு வேலையும் நடந்தது. கல்கத்தாத் தாவரவியல் பூங்காவில் மரத்துக்கு மரம் கம்பி கட்டி, மைல் கணக்கில் இழுத்து, மின்சாரத்தால் செய்தி அனுப்பிப் பார்த்தார் நம் மருத்துவர். ஹூக்ளி நதிக்குள் கம்பியை இறக்க வேண்டுமே, தண்ணீர் பட்டால் மின்சாரம் கசிந்து விடுமே! கம்பிக்குக் கீல் பூசி, பிளந்த பிரம்புக்குள் வைத்து, தார் தோய்த்த கயிற்றால் சுற்றினார். பிரம்பு என்றதும் உங்களுக்கு வேறு நினைவு வரும். அது இப்படியும் கல்விக்குப் பயன்பட்டிருக்கிறது!

அன்றைக்கு இதை யாரும் பெரிதாக எடுத்துக் கொள்ளவில்லை. 1841 வாக்கில் இங்கிலாந்து திரும்பினார். கஞ்சாவை மேல்நாட்டு மருந்துக் கடைகளில் அறிமுகம் செய்தார். இந்திய மருந்துகளைப் பற்றிப் பெரிய நூல் ஒன்றும் வெளியிட்டார். 1843இல் இராயல் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது. எந்த இலண்டனில் அவருக்கு வைத்தியம் பார்க்க இடம் கிடைக்கவில்லையோ, அதே இலண்டனில் இந்தச் சிறப்பு!

மறு ஆண்டே இந்தியா திரும்பினார். டல்ஹௌசி பிரபுவின் ஆட்சியில் தந்திக்கு நல்ல காலம் பிறந்தது. 1851இல் கல்கத்தாவிலிருந்து டயமண்ட் ஹார்பர் வரை சோதனைத் தந்தி ஓடியது. அந்த வேலையில் அவருக்குத் துணை நின்றவர் சிப் சந்திர நந்தி என்ற வங்காளி இளைஞர். 1854 மார்ச்சில் கல்கத்தாவிலிருந்து 800 மைல் தொலைவில் உள்ள ஆக்ராவுக்குத் தந்தி போயிற்று. அடுத்த ஒன்றிரண்டு ஆண்டுகளில் பம்பாயும் சென்னையும் சேர்ந்து, மொத்தம் சுமார் 4,000 மைல் கம்பி நாடெங்கும் பரவியது. 1856இல் அவருக்கு சர் பட்டம் கிடைத்தது.

ஒரு செய்தியை மறைக்காமல் சொல்ல வேண்டும். 1857இல் இந்தியச் சிப்பாய்கள் கிளர்ந்து எழுந்தபோது அவர்களை அடக்க ஆங்கிலேயருக்குப் பெரிதும் உதவியது இந்தத் தந்திதான். கருவி யார் கையில் இருக்கிறதோ அவர் சொன்னபடிதானே அது கேட்கும்.

பினாங்குக் கரைக்கு

இவர் கதைக்கும் நம் ஊருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தம் கடலுக்கு அடியில் கிடந்தது. ஓஷாக்னெசி இந்தியாவை விட்டுப் போய்ச் சுமார் பத்து ஆண்டுகள் ஆன பிறகு, 1870-71இல், சென்னையிலிருந்து பினாங்குக்கும், பினாங்கிலிருந்து சிங்கப்பூருக்கும் கடலடித் தந்திக் கம்பி போடப்பட்டது. அதைப் போட்டது வேறொரு கம்பெனி. ஆனால் சென்னைக் கடற்கரையில் அந்தக் கம்பி போய்ச் சேர்ந்தது ஓஷாக்னெசி நாடு முழுவதும் விரித்த வலையில். கப்பலில் வாரக்கணக்கில் வந்த செய்தி, ஜோர்ஜ் டவுனுக்கு அன்றன்றே வரத் தொடங்கியது.

அக்காலத்துக் கடலடிக் கம்பிகளுக்குத் தண்ணீர் புகாத உறையாக இருந்தது எது தெரியுமா? கெட்டாபெர்ச்சா. அது நம் மலாயாக் காட்டு மரத்தின் பால். பால்மரம் தெரிந்த தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஓஷாக்னெசி 1860 வாக்கில் இந்தியாவை விட்டுச் சென்றார். மறு ஆண்டு தம் பெயரை ஓஷாக்னெசி புரூக் என்று மாற்றிக் கொண்டார். அதன் பின் அமைதியாக வாழ்ந்து, 1889 ஜனவரி 8ஆம் நாள் இங்கிலாந்தின் சௌத்சீ என்ற ஊரில் காலமானார். அவர் தொடங்கி வைத்த தந்திச் சேவை இந்தியாவில் 2013 ஜூலை வரை நடந்தது.

அவர் விட்ட இடத்திலிருந்து

நாய் ஏன் வாலை ஆட்டியது? வெறிநாய்க்கடி நோயாளியின் பயம் ஏன் தணிந்தது? இந்தக் கேள்விகளுக்குப் பதில் கிடைக்க நூற்றைம்பது ஆண்டுகள் ஆயின.

1964இல் இஸ்ரேல் நாட்டு விஞ்ஞானிகள் கவோனி, மெக்கூலம் ஆகிய இருவரும் கஞ்சாவின் மயக்கும் சத்தைத் தனியே பிரித்து அதன் அமைப்பைக் கண்டார்கள். சுருக்கமாக டி.எச்.சி. என்பார்கள். 1988இல் அமெரிக்காவில் அலின் ஹௌலட்டும் வில்லியம் டிவேனும் எலியின் மூளையில் அந்தச் சத்து போய் ஒட்டும் இடத்தைக் கண்டார்கள். அதை ஏற்பி என்போம். பூட்டு என்று வைத்துக் கொள்ளுங்கள். மீன் முதல் மனிதன் வரை முதுகெலும்புள்ள பிராணிகளிடம் இந்தப் பூட்டு உண்டு.

இப்போது யோசியுங்கள். காட்டில் முளைக்கும் ஒரு செடிக்காகவா இயற்கை நம் மூளையில் பூட்டு செய்து வைத்தது? இருக்காதே! அப்படியானால் அந்தப் பூட்டுக்கு உடம்புக்குள்ளேயே ஒரு சாவி இருக்க வேண்டும். தேடினார்கள். 1992இல் மெக்கூலமின் ஆய்வுக்கூடத்தில் பன்றியின் மூளையிலிருந்து அந்தச் சாவியை எடுத்தார்கள். அதற்கு என்ன பெயர் வைத்தார்கள் தெரியுமா? ஆனந்தமைடு! நம் ஆனந்தம் என்ற சொல்தான், சமஸ்கிருதத்திலிருந்து எடுத்தது. 1995இல் இரண்டாவது சாவி நாயின் குடலிலிருந்து கிடைத்தது. அதை 2-ஏ.ஜி. என்பார்கள். பன்றியும் நாயும் ஓஷாக்னெசியின் பட்டியலில் இருந்தவை என்பதை மறந்து விடாதீர்கள்.

பூட்டுகள், சாவிகள், சாவிகளைச் செய்யும் நொதிகள், சிதைக்கும் நொதிகள் எல்லாம் சேர்ந்ததற்கு எண்டோகன்னாபினாய்டு அமைப்பு என்று பெயர். உள்ளேயே ஊறும் கஞ்சாச் சத்து அமைப்பு என்று பொருள் சொல்லலாம்.

அது வேலை செய்யும் விதத்தைத் தந்தியை வைத்தே விளக்கலாம். ஒரு நரம்பணு அடுத்த நரம்பணுவுக்குத் தந்தி அடிக்கிறது. தந்தி மேல் தந்தியாக வந்து குவிந்தால் வாங்குகிறவன் என்ன செய்வான்? போதும் நிறுத்து என்று அனுப்புகிறவனுக்கே ஒரு தந்தி திருப்பி அடிப்பான். ஆனந்தமைடும் 2-ஏ.ஜி.யும் அந்தத் திருப்பித் தந்திகள். வாங்கும் நரம்பணு தன் தோலில் உள்ள கொழுப்பிலிருந்து தேவைப்படும்போது அவற்றைச் செய்து பின்னோக்கி அனுப்புகிறது. அனுப்பும் நரம்பணு அடங்குகிறது. 2001இல் இது ஐயமின்றித் தெரிந்தது.

பயமும் அதன் கடிவாளமும்

விடியற்காலையில் பால்மரக் காட்டுக்குள் போகிறீர்கள். காலடியில் நாகப்பாம்பு! நெஞ்சு படபடக்கிறது, வியர்க்கிறது, கால் தானாகவே பின்னால் பாய்கிறது. அந்த நேரத்தில் பயம் நல்லது. பயப்படாதவன் கடிபடுவான். பாம்பு புதருக்குள் போய் விட்டது. அரை மணியோ ஒரு மணியோ கழித்து நெஞ்சு பழைய நிலைக்கு வருகிறது. வர வைப்பது யார்?

எலிகளிடமும் சுண்டெலிகளிடமும் செய்த ஆராய்ச்சி இதைச் சொல்கிறது. மூளைக்குள் பாதாம் பருப்பு வடிவில் அமிக்டலா என்ற பகுதி உண்டு. பயத்தின் மணி அங்கேதான் அடிக்கிறது. சாதாரண நேரத்தில் ஆனந்தமைடு அந்த மணியைச் சும்மா அடிக்க விடாமல் பிடித்துக் கொண்டிருக்கிறது. ஆபத்து வந்ததும் ஆனந்தமைடைச் சிதைக்கும் நொதி வேகம் எடுக்கிறது. கடிவாளம் தளர்கிறது, மணி அடிக்கிறது. செய்தி மூளையின் அடிப்பகுதி வழியாகச் சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல் உட்கார்ந்திருக்கும் சுரப்பிக்குப் போகிறது. எலியானால் கார்ட்டிகோஸ்டீரோன், மனிதரானால் கார்ட்டிசால் என்ற சுரப்பு இரத்தத்தில் ஏறுகிறது. உடம்பு ஓடவும் போராடவும் தயாராகிறது.

அடுத்து நடப்பதுதான் விந்தை. அந்தச் சுரப்பே மூளைக்குத் திரும்பி வந்து 2-ஏ.ஜி.யைக் கூட்டுகிறது. 2-ஏ.ஜி. கடிவாளத்தை மறுபடி இழுத்துப் பிடிக்கிறது. புயல் ஓய்கிறது. பயத்தைக் கிளப்பியதும் உடம்பு, அடக்கியதும் உடம்பு!

இந்தப் பூட்டே இல்லாமல் பிறந்த சுண்டெலிகளை ஜெர்மனியில் சோதித்தார்கள். ஓர் ஓசையைக் கேட்கச் செய்து, கூடவே சிறிய மின் அதிர்ச்சி கொடுத்தார்கள். பிறகு வெறும் ஓசையை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்கச் செய்தார்கள். சாதாரண எலிகள் கொஞ்ச நேரத்தில், இனி ஆபத்து இல்லை என்று கற்றுக் கொண்டன. பூட்டு இல்லாத எலிகளோ ஓசை கேட்டபோதெல்லாம் உறைந்து நின்றன. 2002இல் இது வெளியாயிற்று. பயத்தைக் கற்றுக் கொள்வது போலவே பயத்தை விடுவதும் ஒரு கல்வி என்பது இதனால் தெரிகிறது.

இன்னொரு சோதனை. எலியை நாள்தோறும் அரை மணி நேரம் இறுக்கமான குழாய்க்குள் வைத்தார்கள். முதல் நாள் பதற்றம் அதிகம். ஒன்பது பத்து நாளில் பழகிப் போயிற்று, சுரப்பு குறைந்தது. அமிக்டலாவில் 2-ஏ.ஜி. கூடியிருந்தது. ஆனால் எப்போது என்ன தொல்லை வரும் என்றே தெரியாதபடி வாரக்கணக்கில் மாற்றி மாற்றித் துன்பம் கொடுத்த எலிகளின் மூளையில் ஆனந்தமைடு குறைந்து போனது. கடிவாளமே தேய்ந்து விட்டது.

பெற்றோர்களே, இது எலிக் கதை என்று விட்டு விடாதீர்கள். ஒழுங்கான நேரத்தில் வரும் தேர்வும் வீட்டுப் பாடமும் பிள்ளைக்குப் பழகி விடும். வீட்டுக்குள் எந்த நேரத்தில் யார் குடித்து விட்டு வந்து கத்துவார், எதற்கு அடி விழும் என்று தெரியாமல் வளரும் பிள்ளையின் நிலை வேறு. கணக்கு வராத பிள்ளைகள் சிலருக்கு மூளை மந்தமில்லை. பயம் அடங்கவில்லை, அவ்வளவுதான்.

வெளியிலிருந்து வரும் சாவி

சில பையன்கள் கேட்பார்கள், உள்ளேயே அந்தச் சத்து ஊறுகிறது என்றால் வெளியிலிருந்து கொஞ்சம் போட்டால் என்ன என்று. நல்ல கேள்வி. பதிலையும் கேளுங்கள்.

உள்ளே ஊறும் சாவி தேவையான இடத்தில், தேவையான நேரத்தில், துளியளவு பிறந்து, உடனே கரைந்து விடுகிறது. கஞ்சாப் புகையோ மூளை முழுவதும் பரவி எல்லாப் பூட்டையும் ஒரே நேரத்தில் திருகுகிறது, மணிக்கணக்கில் போகாது. சிறிய அளவில் பயத்தைக் குறைப்பது போல் தோன்றும். அளவு மிஞ்சினால் அதுவே பயத்தைக் கிளப்பும். தினமும் புகைத்தால் மூளை தன் பூட்டுகளைக் குறைத்துக் கொள்கிறது. பிறகு சொந்தச் சாவிக்கும் வேலை இல்லை. நிறுத்தினால் எரிச்சல், தூக்கமின்மை, பதற்றம் எல்லாம் கூடும். விட்டுச் சில வாரங்கள் கழிந்த பிறகே பூட்டுகள் மெல்லத் திரும்புகின்றன. இருபது வயதைத் தாண்டியும் வளர்ந்து கொண்டிருக்கும் இளம் மூளைக்கு இதனால் வரும் கேடு அதிகம். நினைவாற்றல் குறையும், சிலருக்குப் புத்தி பேதலிக்கவும் செய்யும். நம் நாட்டில் 1952ஆம் ஆண்டின் அபாயகரப் போதைப்பொருள் சட்டப்படி கஞ்சா வைத்திருப்பதும் புகைப்பதும் குற்றம் என்பதையும் மறக்க வேண்டாம்.

அதே சமயம் அந்தப் பூட்டை முழுக்க அடைத்தாலும் ஆபத்து. உடல் எடையைக் குறைக்க இந்தப் பூட்டை அடைக்கும் ரிமோனபன்ட் என்ற மாத்திரை 2006இல் ஐரோப்பாவில் விற்பனைக்கு வந்தது. சாப்பிட்டவர்களில் பலருக்கு மனச்சோர்வும் பதற்றமும் வந்தன. 2008இல் அதைத் திரும்பப் பெற்றுக் கொண்டார்கள். இந்த அமைப்பு மனிதர்க்கும் எவ்வளவு தேவை என்பதற்கு இதை விடச் சான்று வேண்டுமா?

சரி, உள்ளே இருப்பதை நல்ல வழியில் வளர்க்க முடியுமா? முடியும். ஓடுகிறவர்களின் இரத்தத்தில் ஆனந்தமைடு கூடுகிறது என்று 2003இல் கண்டார்கள். 2015இல் ஜெர்மனியில் சக்கரத்தில் ஓடிய சுண்டெலிகளுக்குப் பதற்றம் குறைந்தது. அந்தப் பூட்டை மருந்தால் அடைத்தபோது ஓட்டத்தின் பயன் காணாமல் போயிற்று. ஆகவே தேர்வு வந்து விட்டது என்று திடலுக்குப் போவதை நிறுத்தி விடாதீர்கள். பெற்றோர்களும் தடுக்காதீர்கள். மாலையில் அரை மணி நேரம் ஓடி விளையாடிய பிள்ளை, இரவில் அமைதியாக உட்கார்ந்து படிக்கும்.

முடிவாக

மாணவச் செல்வங்களே! ஓஷாக்னெசி ஆனந்தமைடு என்ற சொல்லைக் கேட்டவர் அல்லர். ஏற்பியைக் கண்டவர் அல்லர். ஒரு நாய் வாலை ஆட்டியதைக் கூர்ந்து பார்த்தார், பார்த்ததைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதினார், தெரிந்தவர்களிடம் கேட்டார், கேட்டவர்களின் பெயரைச் சொன்னார். இலண்டன் கதவை அடைத்தபோது இரத்தத்தை ஆராய்ந்தார். காலரா வைத்தியத்தை உலகம் உடனே ஏற்காதபோது கல்கத்தாவில் வேலையைத் தொடர்ந்தார். தந்தியை யாரும் சட்டை செய்யாதபோது பத்து ஆண்டுகளுக்கு மேல் பொறுத்திருந்தார்.

பயம் வருவது கோழைத்தனம் அன்று. பாம்புக்கும் பரீட்சைக்கும் நெஞ்சு படபடக்கத்தான் செய்யும். படபடத்த நெஞ்சைத் தணிக்கும் மருந்தை இயற்கை உங்களுக்கு உள்ளேயே வைத்திருக்கிறது. அதைக் காசு கொடுத்து மூலை முடுக்கில் வாங்க வேண்டியதில்லை. நன்றாகத் தூங்குங்கள், ஓடி ஆடுங்கள், பயந்த பாடத்தைத் திரும்பத் திரும்பச் செய்து பாருங்கள். முதல் நாள் நடுங்கிய கை பத்தாம் நாள் நடுங்காது.

இன்று மேடையேறிப் பரிசு பெறும் பிள்ளைகளுக்கு என் வாழ்த்துகள். பரிசு கிடைக்காமல் கீழே அமர்ந்து கை தட்டும் பிள்ளைகளுக்கு அதை விடக் கூடுதலான வாழ்த்துகள்.